ஒரே கன்னத்தில் இரண்டு அறைகள்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. இடையில் இடது கண்ணில் புரை எடுத்தார்கள். படிக்கக் கூடாது, எழுதக் கூடாது என்று டாக்டர் கட்டளை. படம் பார்க்கலாமா என்று கேட்டேன், முறைத்தார். வலது கண் சும்மாதானே இருக்கிறது என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு, அடுத்தடுத்த இரவுகளில் இரண்டு படங்களைப் பார்த்துவிட்டேன். இப்போது கண் தேவலை. மனம்தான் இன்னும் ஆறவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு நடுராத்திரியில் விழிப்புத் தட்டுகிறது, பக்கத்தில் தூங்குகிறவளைப் பார்த்தால் 'இவள் யார், நான் யார்' என்று தோன்றுகிறது, இந்த வயதில் இதை யாரிடம் போய்ச் சொல்வது என்று எழுதியிருந்தாய். கூடவே ஒரு குத்தலும்: 'உன் ஐரோப்பியப் படங்கள் படுக்கையைக் காட்டிவிட்டு அதற்குத் தத்துவம் என்று பெயர் வைக்கும்.' இரண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

முதல் படம் 'ஹிரோஷிமா மோன் அமூர்', 1959. இயக்குநர் அலென் ரெனேயிடம் அணுகுண்டைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுக்கச் சொன்னார்கள். அவர் எழுத்தாளர் மார்கெரித் துராஸை எழுதவைத்து ஒரு காதல் கதையோடு திரும்பி வந்தார். தொடக்கமே படுக்கைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் திரையில் இருப்பவை இரண்டு தோள்களும் சில விரல்களும். மேலே படிந்திருப்பது சாம்பலா, பனியா, வியர்வையா என்று சொல்ல முடியாது. எது யாருடைய கை என்பதும் தெரியாது. ஹிரோஷிமாவில் எல்லாவற்றையும் பார்த்தேன் என்கிறாள் அவள், பிரெஞ்சுக்காரி. நீ ஒன்றையும் பார்க்கவில்லை என்கிறான் அவன், ஜப்பானியன். இவ்வளவு நெருக்கத்தில், தோலோடு தோல் ஒட்டிக் கிடக்கும்போது, ஒருவர் பட்ட பாட்டை இன்னொருவர் அறிய முடியுமா என்று வழக்காடுகிறார்கள். உன் நடுராத்திரிக் கேள்வியும் இதுதான், இல்லையா?

அந்தப் பெண்ணாக நடித்தவர் எமானுவேல் ரிவா. பின்னால் ஓர் இடத்தில், போரின்போது சுட்டுக் கொல்லப்பட்ட தன் ஜெர்மானியக் காதலனைப் பற்றி இந்த ஜப்பானியனிடம் சொல்லிக்கொண்டே வருகிறாள். சொல்லச் சொல்ல, எதிரில் உட்கார்ந்திருப்பவனையே செத்துப்போனவனாக நினைத்து 'நீ, நீ' என்று பேசத் தொடங்கிவிடுகிறாள். குரல் ஏறுகிறது. அவன் கன்னத்தில் ஓர் அறை விடுகிறான். சுற்றியிருப்பவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். அவள் நிகழ்காலத்துக்குத் திரும்பி வந்துவிடுகிறாள்.

மறுநாள் இரவு பார்த்தது மிஹாயேல் ஹனெக்கின் 'அமூர்', 2012. அதே ரிவா, எண்பதைத் தாண்டிய வயதில். ஓய்வு பெற்ற இசை ஆசிரியை. பக்கவாதத்தில் வலப்பக்கம் விழுந்துவிட்டது. கணவர் தண்ணீர் புகட்டுகிறார். வாயை இறுக மூடிக்கொள்கிறாள். கெஞ்சுகிறார், மிரட்டுகிறார். வாங்கிய தண்ணீரைத் துப்புகிறாள். சட்டென்று ஓர் அறை.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஐம்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து அதே முகத்தில் விழுகிறது இது. (அதே பக்கக் கன்னமா என்று ஒற்றைக் கண்ணால் சரிபார்க்கத் தெம்பில்லை.) முதல் அறை, இறந்தவனிடமிருந்து அவளைப் பிடுங்கிக்கொண்டு வர. இரண்டாவது, கையைவிட்டுப் போய்க்கொண்டிருப்பவளைப் பிடித்து வைக்க வழி தெரியாமல். அடித்தது சரி என்று நான் எங்கும் சொல்லவில்லை. ஹனெக்கும் சொல்லவில்லை, அந்தக் கிழவரின் முகத்தைப் பார்த்தாலே தெரியும்.

அந்தக் கணவர் யார் தெரியுமா? ஜான்-லூயி திரந்திஞான். 1969இல் எரிக் ரோமரின் 'மை நைட் அட் மாட்ஸ்' படத்தில், பனி கொட்டியதால் ஒரு பெண் வீட்டில் இரவு தங்க நேர்ந்த அந்தப் பக்திமான் எஞ்சினியர். இரவெல்லாம் பிரெஞ்சுத் தத்துவவாதி பாஸ்கலின் பந்தயத்தைப் பற்றிப் பேச்சு: கடவுள் உண்டா இல்லையா, எதன்மேல் பணயம் வைப்பது. போர்வையைச் சுற்றிக்கொண்டு அவள் பக்கத்திலேயே படுக்கிறான். விடியற்காலையில் அணைக்கிறான், விலகுகிறான், அவள் எழுந்துவிடுகிறாள். தனக்கு என்ன வேண்டும் என்று தெரிந்த ஆண்களைத்தான் தனக்குப் பிடிக்கும் என்கிறாள். காமத்தைப் பற்றி எத்தனையோ பெரிய படங்கள் உண்டு. ஒன்றுமே நடக்காத இந்த இரவு அளவுக்கு எதுவும் என்னைத் தொந்தரவு செய்ததில்லை.

தடை போட்ட காலத்திலும் கலைஞர்கள் வழி கண்டுபிடித்தார்கள் என்பது வேறு கதை. முத்தம் மூன்று நொடிக்கு மேல் போகக் கூடாது என்று அமெரிக்கத் தணிக்கையில் இருந்தபோது, 1946இல் 'நொட்டோரியஸ்' படத்தில் இயக்குநர் ஹிட்ச்காக் நாயகன் நாயகி இரண்டு பேரையும் முத்தமிட்டு, விலகி, இரவுச் சாப்பாட்டுக்குக் கோழி சமைப்பதைப் பற்றிப் பேசி, மறுபடி முத்தமிடவைத்தார். நிமிடக்கணக்கில் போகிறது. விதி மீறப்படவே இல்லை.

உனக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். போன மாதம் என் மனைவிக்குக் கடும் காய்ச்சல். மாத்திரை வேண்டாம் என்று தலையைத் திருப்பிக்கொண்டாள். மூன்றாவது முறை நான் கத்தி, டம்ளரைச் சுவரில் எறிந்தேன். முப்பத்தாறு வருடத்தில் முதல் தடவை. அவள் பயந்துபோய்ப் பார்த்த பார்வையில் என்னை யாரென்றே தெரியாததுபோல் இருந்தது. எனக்கும் தெரியவில்லை. தரையைத் துடைத்தேன். பிறகு மாத்திரையைப் போட்டுக்கொண்டாள். அதைப் பற்றி இருவரும் இதுவரை பேசவில்லை. எனவே 'இவள் யார்' என்று நீ கேட்பதை நான் நோயாக நினைக்கவில்லை. கேட்காமலே முப்பத்தாறு வருடம் ஓட்டிய என்னைத்தான் சந்தேகப்படுகிறேன்.

இரண்டு படங்களையும் பார். வரிசை மாற்றாதே, 1959 முதலில். 'அமூர்' தொடக்கத்தில் ஒரு காலை உணவுக் காட்சி வரும். பேசிக்கொண்டிருந்தவள் திடீரென்று சிலையாகிவிடுவாள். அவர் குழாயைத் திறந்து, துணியை நனைத்து, அவள் கழுத்தில் வைப்பார். பலன் இராது. குழாயை அப்படியே விட்டுவிட்டு உடை மாற்ற உள்ளே ஓடுவார். தண்ணீர் ஓடுகிற சத்தம் நமக்குக் கேட்டுக்கொண்டே இருக்கும். திடீரென்று நின்றுபோகும். யாரோ குழாயை மூடிவிட்டார்கள்.

அந்த இடத்தில் நிறுத்திவிட்டு உன் மனைவியையும் எழுப்பி உட்காரவை. மீதியைச் சேர்ந்து பாருங்கள். அவள் என்ன சொன்னாள் என்று மறக்காமல் எழுது.

உன்,
ஒற்றைக் கண்ணன்