உதவித்தொகை என்று வந்த அழைப்பும் நம் பள்ளி செய்த தவறும்

அன்புள்ள பெற்றோருக்கும், பேரப்பிள்ளைகளை வளர்க்கும் தாத்தா பாட்டிகளுக்கும் வணக்கம்.

வழக்கமாக என் சுற்றறிக்கை தேதி, நேரம், விடுமுறை என்று நான்கு வரியில் முடிந்துவிடும். இம்முறை நீண்டுவிட்டது. கண்ணாடியைத் தேடி எடுக்கச் சோம்பலாக இருந்தால் பிள்ளையை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

இரண்டு வாரங்களுக்கு முன், மாலை மணி அடித்த பிறகு, ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாயார் என் அறைக்கு வந்தார். அவருடைய அனுமதி பெற்றே இதைச் சொல்கிறேன். கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்த கைபேசியை மேசைமேல் வைத்துவிட்டு, "உதவித்தொகை எப்போது கணக்கில் ஏறும், டீச்சர்?" என்று கேட்டார். எந்த உதவித்தொகை என்றேன். "நேற்று ஆபீசிலிருந்து பேசினார்களே, நீங்கள்தான் நம்பர் கொடுத்தீர்களாமே" என்றார்.

அவருடைய மகள் எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய்வழித் திறனறித் தேர்வில் தேர்ச்சி பெற்றவள். அதற்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய் வீதம் பன்னிரண்டாம் வகுப்பு வரை கிடைக்கும் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். பேசியவனுக்கும் தெரிந்திருக்கிறது. மாணவியின் பெயர், வகுப்பு, பிரிவு, தகப்பனார் பெயர் எல்லாவற்றையும் பிசகில்லாமல் சொல்லியிருக்கிறான். "பிறந்த தேதியைக்கூடச் சொன்னாரே, டீச்சர்" என்று அந்தத் தாயார் இரண்டு முறை சொன்னார். பிறகு வாட்ஸ்அப்பில் ஒரு கியூஆர் குறியீடு வந்தது. அனுப்பியவன் படமாக அரசு முத்திரை. ஸ்கேன் செய்தால் 12,000 என்று காட்டும், ரகசிய எண்ணைப் போட்டால் பணம் ஏறிவிடும் என்றான். போட்டார். கணக்கில் போதிய பணம் இல்லை என்று வந்தது. வரவேண்டிய பணத்துக்கு நம் கணக்கில் எதற்கு இருப்பு வேண்டும்? அந்தப் பதற்றத்தில் யாருக்கும் தோன்றாத கேள்விதான். அவன் சளைக்கவில்லை. "கணக்கில் எவ்வளவு இருக்கிறது, அம்மா?" என்று கேட்டுவிட்டு, 9,500 ரூபாய்க்கு வேறொரு குறியீடு அனுப்பினான், மீதி அடுத்த மாதம் வருமாம். இரண்டாவது முறை போனது, மகளிர் குழுத் தவணைக்கு வைத்திருந்த பணம்.

யுபிஐயில் ரகசிய எண் கேட்கப்படும் இடம், ஒன்று இருப்புத் தொகையைப் பார்ப்பதற்கு, இல்லையென்றால் உங்கள் கணக்கிலிருந்து பணம் போவதற்கு. பணம் வாங்குவதற்கு அந்த எண் தேவையே இல்லை. ஸ்கேன் செய்வதும் அப்படித்தான். மளிகைக் கடையில் ஸ்கேன் செய்கிறோம், பணம் கடைக்காரருக்குப் போகிறது. யாரோ ஒருவன் கல்வி அலுவலகத்தின் பெயரைச் சொன்னதற்காக அது திசை மாறி ஓடாது. அரசு உதவித்தொகை எதுவாக இருந்தாலும் நேராக மாணவரின் வங்கிக் கணக்கில் வரவாகும். அதற்காக யாரும் உங்களை அழைத்துக் குறியீடு அனுப்ப மாட்டார்கள், ஓடிபி கேட்க மாட்டார்கள்.

இனி எழுத எனக்குக் கசப்பாக இருக்கும் பகுதி. அவனுக்குப் பிறந்த தேதி எப்படித் தெரிந்தது என்று அன்றிரவு யோசித்துக்கொண்டிருந்தேன். நம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவைத் திறந்து பின்னோக்கி நகர்த்தினேன். ஜூன் மாதத்தில் ஒரு பட்டியலின் படம் கிடந்தது. 42 பிள்ளைகளின் பெயர், பிறந்த தேதி, பெற்றோர் பெயர், கைபேசி எண், ஆதார் எண், வங்கிக் கணக்கு எண். பிழை இருந்தால் சொல்லுங்கள் என்று போடப்பட்டது. போட்டவர் வகுப்பாசிரியர், "அவசரம், இன்றைக்குள் சரிபார்த்து முடியுங்கள்" என்று அவரை விரட்டியது நான். அந்தக் குழுவில் 97 பேர் இருந்தார்கள். சித்தப்பா, மாமா, பள்ளி மாறிப் போனவர்கள், யாரென்றே எங்களுக்குத் தெரியாத இரண்டு எண்கள். அவன் அங்கிருந்துதான் எடுத்தான் என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் எடுக்க நினைத்திருந்தால் அவன் வேறெங்கும் போயிருக்க வேண்டியதில்லை.

2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதவர்களின் தகவலைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது. அதில் சில விலக்குகளும் உண்டு. அவற்றைக் காட்டித் தப்பிக்க நான் விரும்பவில்லை. உங்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். பட்டியலை நீக்கிவிட்டோம். யாராவது சேமித்து வைத்திருந்தால் அது அவர்களிடம் இருக்கத்தான் செய்யும். அதை இனி அழிக்க வழியில்லை. ஆகவே பிள்ளையின் பெயரும் பிறந்த தேதியும் சொல்லி எவர் அழைத்தாலும், அது நம்புவதற்கான காரணம் ஆகாது என்று வைத்துக்கொள்ளுங்கள். அழைப்பைத் துண்டித்துவிட்டுப் பள்ளிக்கு நேரில் வாருங்கள். இனிமேல் திருத்தம் இருந்தால் பள்ளியில் பதிவேட்டைத் திறந்து உங்கள் பிள்ளையின் வரியை மட்டும் காட்டுவோம். அலைச்சல்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தாயார் வந்தது மறுநாள். அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. பணம் போனது தெரிந்தவுடன் 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். இணையக் குற்றப் புகாருக்கான தேசிய உதவி எண் அது. திருடியவன் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொண்டே போவான். அதற்குள் சொன்னால் வழியில் நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. எங்கள் அலுவலக அறையிலிருந்தே அழைத்தோம். பரிவர்த்தனை எண், நேரம், வங்கியின் பெயர் கேட்டார்கள். குறுஞ்செய்தியை அழிக்காமல் வைத்திருந்ததால் எல்லாம் சொல்ல முடிந்தது. ஒரு பகுதி நிறுத்தப்பட்டிருப்பதாகத் தகவல் வந்திருக்கிறது, கைக்கு இன்னும் வரவில்லை. திட்டுவார்களே என்று பயந்து அவர் ஓர் இரவு முழுவதும் வீட்டில் சொல்லாமல் இருந்திருக்கிறார். வீட்டிலுள்ள ஆண்கள் இந்த வரியை இன்னொரு முறை படிக்கவும்.

இதற்குப் பிறகு எட்டாம் வகுப்புக்குப் போய், "எத்தனை பேருக்கு அப்பாவின் ரகசிய எண் தெரியும்?" என்று கேட்டேன். பாதிக்கு மேல் கை தூக்கினார்கள். ஒரு பையன் உற்சாகத்தில் எழுந்து நின்று எண்ணையே சொல்லத் தொடங்கிவிட்டான், பாதியில் நிறுத்தினேன். நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு 20. மீதி அவன் பிறந்த ஆண்டு என்று வகுப்பே சிரித்தது. பிள்ளைமேல் உள்ள பாசத்தை வேறு வழியில் காட்டலாம். எண்ணை மாற்றுங்கள்.

ஜெராக்ஸ் கடை விஷயத்தில் நானே குற்றவாளி. ஆதாரைக் கடைக்காரரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பிப் பிரதி எடுப்பது நம் எல்லோருக்கும் பழக்கம். போன மாதம் அப்படிப் போனபோது, அவர் கணினித் திரையில் நான் மார்ச்சில் அனுப்பிய சம்பளச் சீட்டு அப்படியே இருந்தது, பக்கத்தில் யாருடையதோ சாதிச் சான்றிதழ். அவர் நல்ல மனிதர், அழிக்க மறந்திருக்கிறார். நின்று அழிக்கச் சொல்லிவிட்டு வந்தேன், கோபித்துக்கொள்ளவில்லை. கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரை ஆதார் இணையதளத்திலேயே பதிவிறக்கலாம். அது போதுமான இடங்களில் அதையே கொடுங்கள்.

பத்தாம் வகுப்புப் பெற்றோர் கவனத்துக்கு: ஹால் டிக்கெட் வந்ததும் அதைப் படமெடுத்து ஸ்டேட்டஸ் வைக்காதீர்கள். தேர்வு முடிவைப் பார்க்கப் பதிவெண்ணும் பிறந்த தேதியும் இருந்தால் போதும். உங்கள் பிள்ளையின் மதிப்பெண்ணை உங்களுக்கு முன்னால் ஊரே பார்த்துவிடும். கல்யாணப் பத்திரிகை, அபராதச் சலான் என்று வாட்ஸ்அப்பில் ஏபிகே (.apk) என்று முடியும் கோப்பு, அதாவது கைபேசியில் செயலியை நிறுவும் கோப்பு, வந்தால், அனுப்பியவர் சொந்தக்காரராகவே இருந்தாலும் தொடாதீர்கள். அவர் கைபேசி ஏற்கெனவே வேறொருவன் கையில் போயிருக்கலாம்.

அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் முடிந்ததும் கணினி அறையைத் திறந்து வைக்கிறோம். கைபேசியைக் கொண்டு வாருங்கள். வாட்ஸ்அப்பில் இரண்டடுக்குச் சரிபார்ப்பை, அதாவது கூடுதலாக ஒரு ரகசிய எண்ணை, எப்படி வைப்பது, உங்கள் கணக்கு வேறு எந்தக் கருவியில் திறந்திருக்கிறது என்று எங்கே பார்ப்பது என்பதை ஆசிரியர்கள் காட்டுவார்கள். எண்ணைத் தட்ட வேண்டிய இடம் வரும்போது அவர்கள் திரும்பி நின்றுகொள்வார்கள். நீங்களும் சத்தமாகச் சொல்லிக்கொண்டே தட்டாதீர்கள்.

கடிதம் கிடைத்ததற்கு அடையாளமாகப் பிள்ளையின் நாட்குறிப்பேட்டில் கையொப்பமிட்டு அனுப்பவும். சென்ற ஆண்டுவரை அதன் பக்கத்தில் கைபேசி எண்ணையும் எழுதச் சொல்லியிருந்தோம். இனி எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்,
அரசு உயர்நிலைப் பள்ளி