வார்டைப் பிரிக்கும்போது எங்களிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்

எங்கள் தெரு அடங்கிய மார்மன் வார்டின் (அந்தந்த வட்டாரத்து உள்ளூர் சபைக்கு வார்டு என்று பெயர்) பிஷப்புக்கும், பெண்கள் அமைப்பான ரிலீஃப் சொசைட்டியின் பொறுப்பில் இருக்கும் சகோதரிகளுக்கும், வார்டை நடத்தும் வார்டு கவுன்சிலில் உட்காரும் மற்ற எல்லாருக்கும் வணக்கம்.

நான் உங்கள் சபையில் ஞானஸ்நானம் பெற்றவள் இல்லை, பெறப்போவதும் இல்லை. வீட்டில் பிள்ளையார் இருக்கிறார், சவுத் ஜோர்டானில் அவருக்கு ஒரு கோயிலும் இருக்கிறது, எங்களுக்கு அது போதும். ஆனாலும் இந்த லீஹை ஊரில் எனக்கு வாய்த்த சிநேகிதிகளில் முக்கால்வாசிப் பேர் உங்கள் வார்டு வழியாக வந்தவர்கள்தான். அதனால், வார்டு பெருத்துவிட்டது, இரண்டாகப் பிரிப்பார்கள் போலிருக்கிறது என்று தெருவில் பேச்சு அடிபட்டதிலிருந்து உங்களைவிட எனக்குத்தான் படபடப்பு அதிகம். இந்தக் கடிதத்தை என் மகள் ஆங்கிலத்தில் உங்களுக்குத் தருவாள். தமிழில் எழுதுவதற்குக் காரணம், வேலை மாற்றலாகி யூட்டாவுக்கு வரப்போகும் நம் குடும்பங்களும் இதைப் படிக்கட்டும் என்பதுதான். "அங்கே எல்லாரும் மார்மன்களாமே, நம்மோடு பழகுவார்களா?" என்று என்னிடம் கேட்காதவர்கள் இல்லை. (அந்தப் பெயர் வேண்டாம், சபையின் முழுப் பெயரைச் சொல்லுங்கள் என்று அப்போது உங்கள் தலைவராக இருந்த நெல்சன் 2018இல் கேட்டுக்கொண்டார், தெரியும். பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்று ஒவ்வொரு முறையும் எழுதினால் கடிதம் நீண்டுவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.)

பழகுவார்கள். எப்படி என்பதைத்தான் வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். மற்ற பல சர்ச்சுகளில் பிடித்த போதகர், பிடித்த பாட்டு என்று பார்த்துச் சேர்வார்கள். இங்கே உங்கள் வீட்டு முகவரிதான் வார்டை முடிவு செய்கிறது. வீடு மாறினால் உறுப்பினர் பதிவும் பின்னாலேயே புது வார்டுக்குப் போய்விடும். சாமான் லாரி வந்து நின்றால் இறக்கிவைக்க நாலைந்து ஆண்கள் கையுறையோடு வந்து நிற்பார்கள், நாம் எந்தச் சாமி கும்பிடுகிறோம் என்று எங்கள் விஷயத்தில் ஒருவரும் கேட்கவில்லை. பிஷப் என்றால் அங்கி போட்ட பாதிரியார் இல்லை, பக்கத்துத் தெருவில் பல் வைத்தியராகவோ கணக்காளராகவோ இருப்பவர், சம்பளமில்லாமல் சுமார் ஐந்து வருடம் அந்தப் பொறுப்பைப் பார்த்துவிட்டு மறுபடி கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துவிடுவார். குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லித்தருவதிலிருந்து ஆளுக்கு ஒரு வேலை கொடுத்துவிடுகிறார்கள், அதை 'காலிங்' என்கிறார்கள். வேலை இருந்தால் பேச்சு இருக்கும், பேச்சு இருந்தால் பழக்கம் தானாக வரும்.

நாங்கள் இதற்கு முன் நியூ ஜெர்சியில் எடிசனில் இருந்தோம். அங்கே நண்பர்களுக்குப் பஞ்சமில்லை, ஆனால் எல்லாரும் எங்கள் வயது, எங்கள் மொழி, எங்களைப் போலவே விசாவுக்குக் காத்திருப்பவர்கள். எதிர் வீட்டில் யார் என்று கடைசிவரை தெரியாது. இங்கேயோ எண்பது வயதுப் பாட்டி, ஆறு பிள்ளை பெற்ற இளம் தாய், லாரி ஓட்டுகிறவர், ஓய்வு பெற்ற நூலகர் என்று நானாகத் தேடியிருந்தால் ஒருநாளும் கிடைத்திருக்காத ஆட்கள். பொறுப்புக் கொடுத்து வரச்சொன்னதால் வருகிற நட்பு நிஜமா என்று என் கணவர் ஆரம்பத்தில் சந்தேகப்பட்டார். 2018க்கு முன்பு மாதாமாதம் வீடு தேடிப்போகும் முறை இருந்தது, இப்போது 'மினிஸ்டரிங்' என்று இன்னும் தளர்வாக நடக்கிறது, எப்படியானாலும் யார் யாரைக் கவனித்துக்கொள்வது என்று பெயர் ஒதுக்கித்தானே தருகிறார்கள் என்பது அவர் வாதம். எனக்கு அதில் சங்கடமே இல்லை. பெரியவர்கள் பார்த்துவைத்த கல்யாணத்தில் முப்பது வருடம் சண்டை போட்டுக்கொண்டு சந்தோஷமாக இருக்கிறவர்கள் நம் ஊரில் இல்லையா, பார்த்துவைத்த சிநேகிதம் மட்டும் ஏன் பொய்யாகும்?

பாட்லக் விருந்துக்குப் போனால் வண்ண வண்ணமாக ஜெல்லோ என்கிற ஜெல்லி வைத்திருப்பீர்கள், அதில் விலங்கிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் இருப்பதால் சைவமான நாங்கள் தொட மாட்டோம். இதைக் கவனித்து, நான் ஒன்றும் கேட்காமலேயே, கடல்பாசி வாங்கி எனக்காகத் தனியாக ஒரு கிண்ணம் செய்து கொண்டுவந்தவரை எந்தப் பட்டியலும் அப்படிச் செய்யச் சொல்லியிருக்காது. நானும் உங்களுக்கு டீ, காபி ஆகாது என்று தெரிந்தபின் வீட்டுக்கு வருபவர்களுக்கு மோர்தான் கரைக்கிறேன், இஞ்சியைக் குறைத்து.

இனி குறைக்கு வருகிறேன். போன தடவை எல்லையை மாற்றியபோது கோடு எங்கள் தெருவின் நடுவே போனது. எதிர்வரிசை வேறு வார்டு. அதே கட்டடம்தான், ஆனால் ஞாயிறு வழிபாடு உங்களுக்குக் காலை ஒன்பது மணி, அவர்களுக்குப் பிற்பகல். எதிர்வரிசையில் இருந்த என் சிநேகிதிக்குப் புது வார்டில் புதுக் காலிங், புதுப் பெண்கள், வேறொரு நாளில் கூட்டம். அவர் என்னை மறக்கவில்லை, கையசைப்பார், ஆனால் நேரம் முழுக்க அந்தப் பக்கம் போய்விட்டது. உறுப்பினர்களுக்காவது ஞாயிற்றுக்கிழமை மேடையிலிருந்து அறிவிக்கிறார்கள், வலது கையைத் தூக்கி ஒப்புதல் காட்டிவிட்டு, கட்டிப்பிடித்து அழுதுவிட்டு வருகிறார்கள். எங்களுக்கு யார் சொன்னார்கள்? என் மகளோடு விளையாட வரும் பிள்ளைகள் வராமல் போனபிறகுதான், சரி ஏதோ நடந்திருக்கிறது என்று தெரிந்தது. முன்பு வந்த மிஷனரி இளைஞர்களுக்கு நாங்கள் மரியாதையாக முடியாது என்று சொன்னதுதான் காரணமோ என்றுகூட யோசித்துக் குழம்பினேன். அந்தச் சந்தேகத்துக்கு முழுக்க ஆதாரம் இல்லை என்றும் சொல்ல மாட்டேன். அதற்குப் பிறகு இரண்டு வீடுகளில் வரவேற்பு ஒரு சுற்று மெலிந்தது உண்மை.

எல்லையை முடிவு செய்வது நீங்கள் இல்லை, பல வார்டுகள் சேர்ந்த ஸ்டேக்கின் தலைவர்கள் கேட்டு சால்ட் லேக் சிட்டித் தலைமையகம் ஒப்புதல் தர வேண்டும் என்பது தெரியும். அறிவிக்கும்வரை வெளியே சொல்லக்கூடாது என்பதும் புரிகிறது. நான் கேட்பது அறிவித்த பிறகு நடப்பதைப் பற்றி. அன்று மாலையே எங்களைப் போன்ற வீடுகளுக்கு யாராவது ஒருவர் வந்து சொல்லிவிட்டால் போதும். அப்புறம், செவ்வாய்க்கிழமைக் காலை நடை, குழந்தைகளைப் பூங்காவுக்குக் கூட்டிப்போகும் குழு, புத்தகம் படிக்கும் குழு, இவை மூன்றையும் கோட்டுக்கு இரண்டு பக்கமும் சேர்த்தே வைத்திருங்கள். இவற்றுக்கும் திருவிருந்துக்கும் சம்பந்தமில்லை, எந்த வார்டு எழுத்தரும் இவற்றுக்குக் கணக்குக் காட்ட வேண்டியதில்லை. புது வார்டுக்கு விவரம் ஒப்படைக்கும்போது எங்களை 'வாய்ப்புள்ள குடும்பம்' என்று எழுதித் தராமல், 'தெருக்காரர்கள், சைவம், நன்றாகப் பேசுவார்கள்' என்று எழுதுங்கள்.

இது உங்களுக்குப் புதிதும் இல்லை. ஸ்பானிஷ் ஃபோர்க்கில் ராதாகிருஷ்ணர் கோயில் எழும்பியபோது உங்கள் ஆட்கள் பணமும் கொடுத்து வேலையும் செய்தார்கள், இன்றைக்கும் அங்கே ஹோலிக்குப் போனால் வண்ணப்பொடியில் குளித்து நிற்பவர்களில் எத்தனையோ பேர் உங்கள் பிரிகம் யங் பல்கலைக்கழகப் பிள்ளைகள். யாரையும் மாற்றுவதற்காக அதைச் செய்யவில்லையே. ஒரு கோயிலுக்கே முடிந்தது, எங்கள் தெருவுக்கு முடியாதா?

வார்டு கவுன்சிலில் இதற்கு ஐந்து நிமிடம் ஒதுக்கினால் போதும். ஆகும், ஆகாது எதுவானாலும் ரிலீஃப் சொசைட்டி தலைவி எனக்கு ஒரு மெசேஜ் போடட்டும். செவ்வாய்க்கிழமை நடைக்கு நான் எப்படியும் ஆறரைக்கு வாசலில் இருப்பேன், நேரில் சொன்னாலும் சரி.