மரண அறிவித்தலில் விடுபட்ட ஒரு வரி

ஆசிரியர் அவர்கட்கு,

வணக்கம். கடந்த மாதம் தங்கள் பத்திரிகையின் மரண அறிவித்தல் பக்கத்தில் என் அம்மம்மாவின் படம் வெளிவந்தது. கொக்குவிலைப் பிறப்பிடமாகவும் வசிப்பிடமாகவும் கொண்டவர், காலஞ்சென்றவர்களின் அன்பு மகள், ஓய்வுபெற்ற தபாலதிபரின் அன்பு மனைவி, பாசமிகு தாயார், மாமியார், பேத்தியார் என்று வழமையான ஒழுங்கில் எல்லாம் இருந்தன. அம்மப்பாவின் பதவியும் இருந்தது. ஐம்பது ஆண்டுகள் கல்யாண வீடுகளுக்கும் சாமத்திய வீடுகளுக்கும் பிறந்தநாள்களுக்கும் கேக் செய்து ஐசிங் போட்டுக் கொடுத்த அம்மம்மாவின் தொழில் மட்டும் இருக்கவில்லை. இதில் பத்திரிகையின் பிழை எதுவுமில்லை. எழுதிக் கொடுத்தவர்கள் நாங்கள். அச்சுக்குப் போகுமுன் சரிபார்த்தவள் நான். அந்த விடுபட்ட வரியை எழுதவே இக்கடிதம்.

அம்மம்மா இந்தக் கைவேலையைப் பழகியது அயலில் இருந்த ஒரு கிறிஸ்தவ ஆசிரியையிடம். நத்தாருக்கு முந்திய வாரங்களில் அங்கே பிளம்ஸ் வெட்டவும் கஜு நறுக்கவும் போனவர், ஒயில் பேப்பரைக் கூம்பாகச் சுருட்டி ஐசிங் பிழியக் கற்றுக்கொண்டு திரும்பினார். சைவ வீட்டுக் குசினிக்குள் முட்டை உடைக்க என் பூட்டி சம்மதிக்கவில்லை. ஆகவே கிணற்றடிக்கு அப்பால் ஓலைக்கொட்டில் ஒன்று போட்டார்கள். 1995இல் இடம்பெயரும்வரை அம்மம்மாவின் வேலைத்தலம் அதுவாகவே இருந்தது. வெள்ளிக்கிழமைகளிலும் நல்லூர்த் திருவிழாவின் 25 நாள்களிலும் அங்கே முட்டை உடைபடாது. அந்த நாள்களில் ஐசிங் குழல்களை எல்லாம் கழுவித் துடைத்து, வெள்ளைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, தேரில் பார்த்துவந்த மயிலையும் கொடிவேலைப்பாட்டையும் கொப்பியில் வரைந்துகொண்டிருப்பார். பிறகு அந்த மயில்கள் யாருடைய கல்யாண கேக்கிலாவது தோகை விரிக்கும்.

அவருடைய ரிச் கேக்குக்கு ஓர் இறாத்தல் ரவைக்கு 25 முட்டையின் மஞ்சள் கரு போகும். மிஞ்சும் வெள்ளைக் கருவில்தான் மேலே பூசும் ரோயல் ஐசிங். அதில் துளி மஞ்சளோ எண்ணெய்ப் பசையோ கலந்தால் நுரை எழும்பாது என்பதால், பாத்திரத்தைத் தேசிக்காய்ப் பாதியால் துடைத்த பின்பே அடிக்கத் தொடங்குவார். காற்றைப் பார்த்து வேலை செய்தவர் அவர். சோளகம் வீசும் மாதங்களில் ஐசிங் கூம்பின் நுனியிலேயே காய்ந்து அடைத்துவிடும் என்று கிண்ணத்தை ஈரத்துணியால் மூடி வைப்பார். மாரியில் எத்தனை நாளானாலும் பூக்கள் இறுகாதென்பதால், கார்த்திகைக் கல்யாணத்துக்கான றோசாப் பூக்களைப் புரட்டாதியிலேயே செய்து பிஸ்கற் ரின்னில் அடுக்கிவிடுவார். கேக்கின் ஓரத்தில் அவர் போடும் பின்னல், பனையோலைப் பெட்டி இழைப்பதைப் பார்த்துத் தாமே பிடித்த முறை. நெடுக ஒரு கோடு, அதன் மேல் குறுக்கே சிறு துண்டுகள், அடுத்த கோட்டில் ஒன்று விட்டு ஒன்று. ஓலையின் மடிப்புக்கூட ஐசிங்கில் தெரியும். அதைப் போல ஒன்றை நான் வேறெங்கும் காணவில்லை.

1963 தொடக்கம் அவர் எழுதி வைத்த கட்டளைக் கொப்பிகள் இப்போது என்னிடம் இருக்கின்றன. திகதி, வீட்டுப் பெயர், இறாத்தல் கணக்கு, பூவின் நிறம் என்பவையே அவற்றில் அதிகம். 1990இல் போர் மீண்டும் மூண்டு, யாழ் குடாநாட்டில் மின்சாரம் நின்று, பொருளாதாரத் தடை வந்த பிறகு எழுதப்பட்ட பக்கங்களோ வேறு விதமானவை. "சீனி அவை தந்தது", "மாஜரின் இல்லை, தேங்காயெண்ணெய்", "முட்டை ஆறு, நாலு எங்கடை கோழி" என்றெல்லாம் ஓரங்களில் குறித்திருக்கிறார். ஐசிங் சீனி கிடையாததால் சாதாரண சீனியை உரலில் இடித்து மஸ்லின் துணியில் மூன்று தரம் அரித்தெடுத்தார். பெரிய அலுமினியச் சட்டியில் மணல் பரப்பி, அதற்குள் கேக் தட்டை இறக்கி, கீழே பொச்சுமட்டையும் மூடியின் மேல் சிரட்டைக்கரித் தணலும் போட்டு வேகவைத்தார். றோஸ் நிறம் பீற்றூட் சாற்றில் வந்தது. அது வெளிச்சத்தில் மங்கிவிடும் என்பதால் கேக் மேசைக்குப் போகும்வரை துணி போர்த்தியிருக்கும். ஜாம்போத்தல் விளக்கின் வெளிச்சத்தில், ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு, கோணாமல் பெயர் எழுதிய கை அது. ஷெல் விழுந்துகொண்டிருந்த ஊரில் கேக் எதற்கு என்று கேட்டவர்களும் உண்டு. அம்மம்மா அவர்களுக்குப் பதில் சொன்னதாக எனக்கு நினைவில்லை. கல்யாணங்கள் நடந்துகொண்டிருந்தன; அவர் செய்து கொடுத்துக்கொண்டிருந்தார்.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி, போர் நெருங்கி வர, கொக்குவில் அடங்கிய வலிகாமப் பகுதியே எழுந்து நடந்த அந்த இரவில், நாவற்குழிப் பாலத்தை நோக்கி மழைக்குள் நகர்ந்த சனத்தோடு நாங்களும் போனோம். உறுதிப் பத்திரங்களை அம்மப்பா மடியில் கட்டியிருந்தார். ஐசிங் குழல்களை அம்மம்மா சேலைத் தலைப்பில் முடிந்திருந்தார். மீசாலையில் எங்களுக்கு விறாந்தையைத் தந்த வீட்டுப் பிள்ளைக்கு மார்கழியில் முதலாவது பிறந்தநாள் வந்தது. கோதுமை மாவும் பனங்கட்டியும் இரண்டு முட்டையும் சேர்த்து இடியப்பச் சட்டியில் அவித்த கேக் அது. மேலே பூசச் சீனி ஒரு பிடிதான் கிடைத்தது. மூடிப் பூச அது போதாதென்று, பிள்ளையின் பெயரையும் ஒரேயொரு மல்லிகைப் பூவையும் மாத்திரம் போட்டார். அதற்குப் பிறகு எத்தனையோ அடுக்குக் கேக்குகளைச் செய்தவர், தன் வேலையிலேயே நல்லது எதுவென்று கேட்டால் அந்த ஒன்றைத்தான் சொல்வார்.

மறு ஆண்டு திரும்பி வந்தபோது கொட்டிலும் இல்லை, வீட்டுக் கதவு நிலைகளும் இல்லை. 2002இல் குடாநாட்டைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை திறந்ததும் வெளிநாட்டிலிருந்து வந்தவர்களின் கல்யாணங்களால் கொப்பி நிறைந்தது. 2006இல் பாதை மூடப்பட, பழையபடி உரலும் மணற்சட்டியும். கை நடுங்கத் தொடங்கிய பின் 2013இல் கடைசிக் கணக்கை எழுதி, அடியில் கோடு இழுத்திருக்கிறார்.

ஆனால் 2022இல், எரிவாயு இல்லாமலும் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டோடும் நாடு தவித்தபோது, வீட்டில் கேக் செய்து விற்றுப் பிழைத்த இளம் பெண்கள் நால்வர் எங்கள் வீடு தேடி வந்தார்கள். எண்பதைத் தாண்டியிருந்த அம்மம்மா கதிரையில் இருந்தபடி, மணல் எவ்வளவு, தணல் எப்போது தள்ளவேண்டும், வெந்த மணம் எப்படி இருக்கும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தார். செத்தவீட்டுக்கு அந்த நால்வரும் வந்திருந்தார்கள். அவர்களில் ஒருத்தி பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு, "ரீச்சர் என்ன செய்தவ எண்டு இதிலை போடேல்லையே அக்கா" என்று கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. அவர்கள் அவரை ரீச்சர் என்று அழைத்ததையே அன்றுதான் அறிந்தேன்.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். துயரத்தில் இருக்கும் குடும்பத்தவர்கள் பழைய அறிவித்தல் ஒன்றைப் பார்த்துப் பெயர்களை மாற்றித்தான் எழுதுகிறார்கள். நாங்களும் அப்படித்தான் எழுதினோம். பெண் ஒருவரின் அறிவித்தலை ஏற்கும்போது, அவர் என்ன வேலை செய்தார் என்றும் தங்கள் விளம்பரப் பகுதியில் இருப்பவர்கள் ஒரு தரம் கேட்டால் உதவியாக இருக்கும். தையல் தைத்தவர், பெட்டி இழைத்தவர், பலகாரம் சுட்டு விற்றுப் பிள்ளைகளைப் படிப்பித்தவர் என எத்தனையோ பேர் இந்தப் பக்கங்களில் இன்னாரின் மனைவியாக மாத்திரம் போயிருக்கிறார்கள்.

வரும் வாரம் அம்மம்மாவின் 31ஆம் நாள். கீரிமலையில் அந்தியேட்டி முடிந்தபின் வெளியிடும் கல்வெட்டு என்னும் நினைவு நூலில் ரிச் கேக்கின் அளவுகளையும் பின்னல் போடும் முறையையும் அச்சிடுகிறோம். தங்கள் பத்திரிகைக்குத் தரவுள்ள நினைவஞ்சலியில், அவருடைய பெயருக்குக் கீழே "கேக் அலங்காரக் கலைஞர், 1963–2013" என்று ஒரு வரி இருக்கும். இடம் போதாவிட்டால் பேரப்பிள்ளைகளாகிய எங்கள் பெயர்களைக் குறைத்து, அந்த வரியை அப்படியே இடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
பேத்தி,
கொக்குவில்.