கெஹெல்கமு ஓயாவைக் குடிநீர் ஆறாக அறிவியுங்கள்

ஆசிரியருக்கு,

வணக்கம். பொகவந்தலாவையிலிருந்து எழுதுகிறேன். மழையே இல்லாத மாசி மாதத்தில், விடியற்காலையில், எங்கள் ஆறு பால் தேத்தண்ணி நிறத்தில் வந்தால், மேலே யாரோ இரவிரவாக மாணிக்கக் கல் தோண்டியிருக்கிறார்கள் என்று இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அப்புறம் பொலிஸார் வருவார்கள். இரண்டு மூன்று பேர் பிடிபடுவார்கள். மண்வெட்டி, சல்லடை, தண்ணீர் இறைக்கும் மோட்டார் எல்லாம் வரிசையாக அடுக்கி எடுத்த படம் பத்திரிகையில் வரும். கொஞ்ச நாளில் ஆறு மறுபடி கலங்கும்.

கெஹெல்கமு ஓயா எங்கள் ஊரோடு முடிகிற ஆறு இல்லை. நோர்வூட் பக்கமாகப் போய் காசல்ரீ நீர்த்தேக்கத்தில் விழுகிறது. அங்கிருந்து சுரங்கமும் மின் நிலையமுமாகப் படிப்படியாக இறங்கி, மஸ்கெலி ஓயாவோடு சேர்ந்து களனி கங்கையாகிறது. அந்தக் களனியிலிருந்துதான் அம்பத்தளையிலும் பியகமையிலும் தண்ணீர் எடுத்துச் சுத்திகரித்து, கொழும்புக்கும் சுற்றுப்புறங்களுக்கும் குடிக்கக் கொடுக்கிறார்கள். கொழும்பில் கடை வேலைக்குப் போயிருக்கும் எங்கள் பிள்ளைகள் அங்கே குழாயைத் திறந்தாலும் வருவது ஒரு வகையில் ஊர்த் தண்ணீர்தான்.

ஆனால் 1965இல் அணை கட்டி முடித்த நாளிலிருந்து காசல்ரீயை எல்லோரும் மின்சாரத் தண்ணீராகவே பார்த்துப் பழகிவிட்டோம். வான் பாய்கிறதா, எத்தனை அடி வற்றியிருக்கிறது, மின்வெட்டு வருமா? கேள்வி இவ்வளவுதான். மின்சாரம் எடுக்கிற பொறிக்குத் தண்ணீர் கிடைத்தால் போதும், அதில் என்ன கரைந்திருக்கிறது என்று அது கேட்பதில்லை.

இந்தத் தண்ணீருக்குக் காவல் எங்கெங்கே இருக்கிறது என்று பாருங்கள். சிவனொளிபாத மலைக் காடு 1940 முதல் சரணாலயம். ஹோர்ட்டன் சமவெளி 1988 முதல் தேசிய பூங்கா. கீழே, கடலுக்குக் கிட்டே, சுத்திகரிப்பு நிலையங்கள். இடையில் இருக்கும் தேயிலை மலை, மரக்கறித் தோட்டம், தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயம், கடைத்தெரு, கல் தோண்டும் ஆற்றங்கரை இவற்றையெல்லாம் கடந்துதான் தண்ணீர் இறங்க வேண்டும்.

இடையில் உள்ள இந்தப் பகுதிக்கும் காவல் போடப் புதுச் சட்டம் தேவையில்லை. 2019 நவம்பரில் வர்த்தமானியில் வந்த சூழல் நீர்த் தர ஒழுங்குவிதிகள் நீரை ஆறு வகையாகப் பிரிக்கின்றன. எளிய சுத்திகரிப்போடு குடிக்கக்கூடியது முதல் வகை, வழமையான முழுச் சுத்திகரிப்புக்குப் பின் குடிக்கக்கூடியது நான்காவது. குளிப்பது, மீன் வாழ்வது, விவசாயம் என்று மற்றவையும் உண்டு. காசல்ரீக்கு மேலே உள்ள ஆற்றையும் அதில் விழும் ஓடைகளையும் முதல் வகையிலும், நீர்த்தேக்கத்தைக் குறைந்தபட்சம் நான்காவது வகையிலும் வைத்து மத்திய சுற்றாடல் அதிகாரசபை பகிரங்கமாக அறிவிக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை. மேலே முதல் வகை கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. கொழும்புக்காரருக்கு ஒரு சுத்திகரிப்பு நிலையமாவது உண்டு. தோட்டத்தில் நாங்கள் குடிப்பது ஓடையிலிருந்து குழாய் போட்டு இறக்கிய பீலித் தண்ணீரை, அப்படியே.

என் அப்பா தோட்டத்தில் மருந்தடிக்கிற வேலை செய்தவர். மலையில் புல்லுக்கு அடித்துவிட்டு வந்து, முதுகு டாங்கியை ஓடையில்தான் கழுவுவார். வேறு இடம் யாரும் காட்டவில்லை. அதே ஓடையில் இரண்டு வளைவு கீழே எங்கள் பீலி. இது பாவம் என்று அவருக்கும் தெரியாது, சொல்லிக்கொடுக்க வேண்டியவர்களுக்கும் அக்கறை இல்லை. கிளைபோசேட் என்ற களைக்கொல்லியை 2015இல் தடை செய்தார்கள், 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் திரும்ப அனுமதித்தார்கள். அந்தச் சண்டையில் டாங்கி எங்கே கழுவப்படுகிறது என்று ஒருவராவது கேட்டு நான் கேள்விப்படவில்லை.

கலங்கல் தண்ணீர் என்றால் படிகாரம் போட்டு மண்ணைக் கீழே படியவைக்கலாம், வடிகட்டலாம், குளோரின் கலக்கலாம். உரத்திலிருந்து கரைந்து வரும் நைத்திரேற்று படிகாரத்துக்குப் படியாது, மணலிலும் வடியாது. அதை மேலேயே நிறுத்த வேண்டும்.

சரி, ஒரு பயமும் இருக்கிறது. அதை மறைக்க விரும்பவில்லை. “குடிநீர் ஆறு” என்று பலகை நட்டதும் முதலில் விரட்டப்படுவது ஆற்றோரத்து லயத்துச் சனங்களாகத்தான் இருக்கும். மோட்டார் வைத்துக் கல் தோண்டப் பணம் போடுகிறவர் ஊரிலேயே இருக்கமாட்டார். துணி துவைக்கிற அக்காமார்தான் அகப்படுவார்கள். இருநூறு வருடம் இந்த மலையில் உழைத்தும் 7 பேர்ச் காணிக்கு இன்னும் வாய் பார்த்துக்கொண்டிருப்பவர்களிடம் போய், உங்கள் மலசலகூடம் ஆற்றுக்குக் கிட்ட இருக்கிறது, எழும்புங்கள் என்று சொன்னால் அது அநியாயம். குழி கட்டிக்கொடுங்கள், கழிவுநீர்க் குழாய் போட்டுக்கொடுங்கள், அதன் பிறகு சட்டம் பேசுங்கள். தோட்டங்களுக்குள் பிரதேச சபை வேலை செய்யத் தடையாக இருந்த, பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு 2018இலேயே திருத்தப்பட்டுவிட்டது. அந்தச் சாட்டு இனி செல்லாது.

பெயர் மாற்றினால் மட்டும் தண்ணீர் தெளியாது என்பதும் தெரிந்ததுதான். நுவரெலியா கிரகரி வாவி சுற்றாடல் பாதுகாப்புப் பிரதேசமாக அறிவிக்கப்பட்ட ஒன்று. ஆனாலும் அங்கே பாசி படர்ந்து தண்ணீர் பச்சையான செய்திகளைப் படித்திருக்கிறோம். மறுபக்கம் கண்டியில் துனுமடலாவ காட்டைப் பாருங்கள். நகரத்துக்குத் தண்ணீர் கொடுக்கும் குளங்களுக்காக அந்தக் காட்டையே மாநகர சபை காத்து வந்திருக்கிறது, நினைத்தபடி உள்ளே போக முடியாது. தண்ணீர் குடிக்கிறவர்களே காட்டுக்கும் பொறுப்பாக இருந்தால் நடக்கிறது. எங்கள் விஷயத்தில் தண்ணீரைக் குடிப்பவர் கொழும்பில், மின்சாரம் எடுப்பது ஒரு நிறுவனம், கரை தோட்டக் கம்பனியிடம், கல்லுக்கு அனுமதிப்பத்திரம் கொடுப்பது இன்னொரு அதிகாரசபை. வகைப்படுத்தி அறிவித்தால் இவர்கள் எல்லோரும் ஒரே கடதாசிக்குப் பதில் சொல்ல வேண்டிவரும். அதற்காகத்தான் கேட்கிறேன்.

அறிவிப்பு வரும்வரை ஒரு சின்ன வேலை செய்யலாம். நோர்வூட் பாலத்தடியில் மாதத்துக்கு ஒரு தடவை தண்ணீர் எடுத்துப் பரிசோதித்து, முடிவைத் தமிழிலும் சிங்களத்திலும் பிரதேச சபைச் சுவரில் ஒட்டட்டும்.

இப்படிக்கு,
தோட்டப் பாடசாலையில் படிப்பித்து ஓய்வுபெற்ற ஒரு வாசகர்,
பொகவந்தலாவை