கொழுந்துக்கு மட்டும் சம்பளம் என்றால் தேயிலைச் செடிக்கு யார் பொறுப்பு? பெருந்தோட்டக் கம்பனிகளுக்கு ஒரு திறந்த மடல்

இலங்கையின் பெருந்தோட்டக் கம்பனிகளை நடத்துகிறவர்களுக்கு வணக்கம்.

சம்பளப் பேச்சு எழும் ஒவ்வொரு தடவையும் நீங்கள் சொல்வது ஒன்றுதான். நாட்சம்பளம் காலாவதியான முறை, எவ்வளவு கொழுந்து எடுக்கிறார்களோ அவ்வளவுக்குச் சம்பளம் கொடுப்பதே நியாயம், நன்றாக வேலை செய்கிறவருக்கு அதில் லாபம் என்கிறீர்கள். கேட்கிறவர்களுக்கு இது சரியாகத்தான் படும். கொழும்பில் இருந்து எழுதுகிற பலரும் இதை அப்படியே ஏற்றுக்கொள்கிறார்கள். நான் தோட்டத்தில் பிறந்தவள். என் வீட்டுப் பெண்கள் எல்லாரும் கொழுந்தெடுத்தவர்கள். அதனால் இந்தப் பேச்சில் விடுபட்டுப் போகிற சிலவற்றை உங்களிடமே எழுதிக் கேட்க நினைக்கிறேன்.

முதலில், இப்போது இருப்பதே முழு நாட்சம்பளம் இல்லை. காலையில் மலைக்குப் போய், பின்னேரம் நாலரை வரை நின்று எடுத்தாலும், தோட்டம் வைத்திருக்கிற கிலோக் கணக்கு வந்தால்தான் முழுப் பேர், அதாவது முழு நாள் சம்பளம். பல தோட்டங்களில் அது 18 கிலோ, சில இடங்களில் அதற்கும் மேல். அதற்குக் குறைந்தால் அரைப் பேர்தான். நேரம் முழுவதையும் கொடுத்த ஒருத்திக்குப் பாதிச் சம்பளம் போட இந்த முறையில் இடம் இருக்கிறது. ஆனால் அந்த நாளில் 25 கிலோ எடுத்தவளுக்கு? 2024இல் நிர்ணயித்த 1,350 ரூபாய் நாட்சம்பளத்தை 18ஆல் வகுத்தால் கிலோவுக்கு 75 ரூபாய் வருகிறது. மேலதிகக் கிலோவுக்கு அந்த 75 கிடைக்கவில்லை. குறைந்தால் எடைக் கணக்கு, கூடினால் வேறு கணக்கு. உழைப்புக்கேற்ற ஊதியம்தான் உங்கள் கொள்கை என்றால், அதை இங்கிருந்தே தொடங்கியிருக்கலாம்.

அடுத்தது தராசு. கிலோக் கணக்கில் சம்பளம் என்றால் எல்லாமே தராசில்தான் நிற்கிறது. என் சின்னம்மா வேலை செய்த தோட்டத்தில் நிறுக்கிற இடமான மடுவத்துக்குக் கொழுந்து வந்ததும் சாக்குக்கு ஒரு கழிவு, மழை நாளென்றால் தண்ணிக்கு ஒரு கழிவு, முற்றிய இலை கிடக்கிறது என்று இன்னொரு கழிவு. 20 கிலோ நிறுத்த கொழுந்து எடை எழுதும் துண்டில் 17 ஆகும். அன்றைக்கு அரைப் பேர். மீட்டர் தராசு வந்த பிறகும் அதன் முகம் எழுதுகிறவர் பக்கம் திரும்பித்தான் இருந்தது. வரிசையில் நிற்கிற பெண்ணுக்கு எண் தெரியாது. கேட்டால், நாளைக்கு எந்த மோசமான தேயிலை நிரையில் விடுவார்களோ என்ற பயம். கழித்த கொழுந்தும் மற்றதோடு சேர்ந்து அதே லொறியில்தான் தொழிற்சாலைக்குப் போனது. நாட்சம்பளம் ஓரளவாவது இருக்கும்போதே இப்படி என்றால், முழுச் சம்பளமும் அந்தத் தராசில் தொங்கும்போது ஒவ்வொரு கழிவும் நேரடியாக அவள் சோற்றிலிருந்துதான் போகும்.

இதைவிடப் பெரிய விஷயம், ஒரு நாளில் எவ்வளவு கொழுந்து வரும் என்பது எடுக்கிறவள் கையில் இல்லை. மலையில் நின்று பார்த்தவர்களுக்கு இது தெரியும். மழை பெய்து வெயில் அடித்தால் கொழுந்து தளதளவென்று வரும். அப்போது யாரும் 30 கிலோ எடுக்கலாம். மாசி, பங்குனி வரட்சியில் அதே கைக்கு 10 கிலோ வருவதே பெரும்பாடு. கவ்வாத்து வெட்டி, அதாவது செடியின் கிளைகளைத் தறித்து, எத்தனை மாதம், உரம் எப்போது போட்டது, புல் வெட்டினார்களா, செடி, தண்டுத் துண்டிலிருந்து வளர்த்த வீபீயா, நூறு வயதான விதைத் தேயிலையா, இடைவெளி விழுந்த இடத்தில் புதுக்கன்று வைத்தார்களா, எல்லாம் உங்கள் தீர்மானங்கள். வருடத்துக்கு நூற்றுக்கு இரண்டு பங்கு நிலத்திலாவது மறுநடவு செய்ய வேண்டும் என்பது இத்துறையில் எல்லாரும் அறிந்த அளவுகோல். 1992இல் தோட்டங்கள் உங்கள் நிர்வாகத்துக்கு வந்த பிறகு அந்த அளவை எத்தனை தோட்டங்கள் தொட்டன?

2021ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அன்றைய அரசாங்கம் இரசாயன உர இறக்குமதியை ஒரே இரவில் நிறுத்தியது. நாட்டின் தேயிலை உற்பத்தி அந்த வருடம் ஏறத்தாழ 30 கோடி கிலோ. அடுத்த வருடம் 25 கோடி கிலோவுக்கு இறங்கியது. அந்த வருடத்தில் முழுக்க முழுக்கக் கிலோவுக்குத்தான் சம்பளம் என்று இருந்திருந்தால், அரசாங்கத்தின் ஒரு முடிவுக்கான அபராதத்தை லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற குடும்பங்கள் கட்டியிருக்கும். அதுவும் அரிசியும் மாவும் பால்மாவும் விலையேறிக் கிடந்த நேரத்தில். விளைச்சலைத் தீர்மானிக்கிறவர் யாரோ அவர்தான் விளைச்சல் குறைவதன் நட்டத்தையும் சுமக்க வேண்டும். நான் சொல்ல வந்ததில் முக்கியமானது இதுதான்.

கென்யாவில் ஒருவர் இங்கே எடுப்பதைவிட இரண்டு மடங்குக்கு மேல் எடுக்கிறார் என்று சொல்கிறீர்கள். அங்கே செடிகள் இளசு. பெரும்பகுதி இயந்திரத்தில் நசுக்கிச் சிறுமணியாக்கும் சீடீசீ தேயிலை. இங்கே பெரும்பாலும் பழைய முறைத் தேயிலை, இரண்டு இலையும் ஒரு மொட்டும் பார்த்துக் கிள்ள வேண்டும். சிலோன் டீ என்று ஏலத்தில் விலை கேட்பதே அந்தக் கிள்ளலை நம்பித்தான். எடைக்கு மட்டும் காசு என்றால் கை தானாக முற்றிய இலைக்கும் போகும். அப்புறம் தரம் இறங்கிவிட்டது என்று அதே பெண்ணைத் திட்டுவீர்கள்.

குளவி கொட்டுவதையும் மறக்க வேண்டாம். கூடு இருக்கிறது என்று தெரிந்த நிரையை விட்டு விலகிப் போவதற்கு ஒரு நிதானம் வேண்டும். ஒவ்வொரு கிலோவும் காசாகும்போது அந்த நிதானத்தையும் விலை கொடுத்துத்தான் வாங்க வேண்டியிருக்கும். குளவி கொட்டி இறந்தவர்களின் செய்தி மலையகத்தில் எந்த வருடத்திலும் வராமல் இருந்ததில்லை.

கொழுந்துக் கணக்கைத் தொழிலாளர்கள் எல்லாரும் வெறுக்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. நன்றாகக் கொழுந்து வரும் மாதத்தில், கை வேகமான இளம் பெண்கள், கிலோவுக்கே காசு தந்தால் போதும் என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். தாழ்நிலத்துச் சிறுதோட்டங்களில் கிலோவுக்கு எடுத்து நல்ல காசு பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆண்கள் கவ்வாத்து வெட்டப் போனால் கொடுத்த கணக்கை முடித்துவிட்டு மத்தியானமே வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள், எங்களுக்கு ஏன் அது இல்லை என்று பெண்கள் கேட்பதும் நியாயம். ஆனால் 50 வயதில் முதுகு வலியோடு மலை ஏறுகிறவளுக்கும், பிள்ளைக்குப் பால் கொடுக்கப் பிள்ளைக் காம்பராவுக்கு (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகம்) வந்து போகிறவளுக்கும் என்ன வழி? அந்த இளம் பெண்ணும் ஒருநாள் அந்த இடத்துக்கு வந்து சேர்வாள்.

ஊழியர் சேமலாப நிதியைப் பற்றி நீங்கள் அதிகம் பேசுவதில்லை. நீங்களும் தொழிற்சங்கங்களும் செய்த 2016 கூட்டு ஒப்பந்தத்தில் நாட்சம்பளம் 730 ரூபாய் என்று பெரிதாகச் சொல்லப்பட்டது. அதில் அடிப்படைச் சம்பளம் 500 மட்டுமே. மிச்சம் வரவுக்கு 60, உற்பத்திக்கு 140, விலைக்கு 30. சேமலாப நிதிக்கு நீங்கள் கட்டிய 12 வீதம் அந்த 500க்குத்தான். படிகள் கூடக்கூட, ஓய்வு பெறும்போது கையில் வருவது சிறுத்துக்கொண்டே போகிறது. செடிகளைக் குடும்பத்துக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டு, கொழுந்தை மட்டும் வாங்கிக்கொள்ளும் வெளியார் உற்பத்தி முறையில் இதுவும் இல்லை. அங்கே அவர் தொழிலாளியே அல்ல. சேமலாபம் இல்லை, பிரசவச் சகாயம் இல்லை, சேவைக்காலப் பணம் இல்லை. நிலமும் அவருக்குச் சொந்தமில்லை. நட்டத்தில் மட்டும் அவர் பங்காளி.

1,000 ரூபாய்க்காக ஆண்டுக்கணக்கில் போராடி, 2021 மார்ச்சில்தான் வர்த்தமானி வந்தது. அதோடு நீங்கள் கூட்டு ஒப்பந்தத்தை விட்டு விலகினீர்கள். 2024இல் 1,700 என்று அறிவித்தபோது நீதிமன்றம் போனீர்கள், கடைசியில் 1,350இல் நின்றது. 2025 நவம்பர் வரவு செலவுத் திட்டத்தில் 1,550 என்றும், வரவுக்கு அரசாங்கம் 200 தரும் என்றும் சொல்லப்பட்டது. ஒவ்வொரு முறையும் தொகையைப் பற்றித்தான் சண்டை. சம்பளம் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதைத் தொழிலாளர்களோடு உட்கார்ந்து யாரும் பேசவில்லை.

பேசுங்கள். மலைக்கு வந்து முழு நேரம் நின்றவருக்கு முழுப் பேர், அதில் கிலோ நிபந்தனை வேண்டாம். அதற்கு மேல் எடுக்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் சம்பளத்தின் அதே விகிதத்தில் காசு, அந்தக் காசுக்கும் சேமலாப நிதி. அந்த மேலதிகக் கணக்கு எங்கே தொடங்க வேண்டும் என்பதை மலைக்கு மலை, மாதத்துக்கு மாதம் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். தீர்மானிக்கிற இடத்தில் கொழுந்தெடுக்கும் பெண்கள் இருக்க வேண்டும், தொழிற்சங்கத் தலைவர்மார் மட்டும் போதாது. தராசைத் திருப்பி வையுங்கள். இதற்குச் சட்டமும் தேவையில்லை, நாளைக் காலையே செய்யலாம்.

சம்பள நிர்ணய சபையில் அடுத்த தடவை உற்பத்தித்திறன் பற்றிப் பேச வரும்போது, கிலோக் கணக்கோடு இன்னும் சில தாள்களையும் எடுத்து வாருங்கள். ஒவ்வொரு தோட்டத்திலும் கடந்த பத்து வருடங்களில் எத்தனை ஹெக்டயர் மறுநடவு செய்தீர்கள், எப்போது உரம் போட்டீர்கள், மாதத்துக்கு எத்தனை நாள் வேலை கொடுத்தீர்கள், மடுவத்தில் எவ்வளவு கழித்தீர்கள் என்பது அதில் இருக்கட்டும். பேர் பதியும் செக்ரோலையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

இப்படிக்கு,
தோட்டத்து மகள் ஒருத்தி