புதுக் கார்டு, பழைய எண்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

குன்னூர் அருகே சிறு விவசாயிகளின் தேயிலைக் கொழுந்துக் கணக்கைப் பராமரிக்கும் அலுவலகமொன்றின் கணினிப் பிரிவில் பணிபுரிகிறேன். அந்தக் கணக்கு இரவுதோறும் விர்ச்சுவல் டேப் லைப்ரரியில் பேக்கப் ஆகிறது. அதற்குள் இருப்பவை டிஸ்க்குகளே. ஆயினும் சர்வரிடம் அது தன்னை டேப் டிரைவ்களாகவும், டேப்பை எடுத்து மாட்டும் ரோபோவாகவும் காட்டிக்கொள்ளும்.

சென்ற மழையின்போது மின் அழுத்தம் ஏறி இறங்கியதில் சர்வரை லைப்ரரியோடு இணைக்கும் ஃபைபர் சேனல் கார்டு பழுதாக, பராமரிப்பு நிறுவனத்தின் பொறியாளர் கோவையிலிருந்து வந்து புதுக் கார்டைப் பொருத்தி, பச்சை விளக்கு எரிவதைக் காட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டு மலை இறங்கிவிட்டார். அன்றிரவே டேப் டிரைவ் எதுவும் இல்லையென்று பேக்கப் நின்றுபோனது. லைப்ரரியே கெட்டுவிட்டது, புதிது வாங்க வேண்டும் என்ற பேச்சும் கிளம்பியது.

லைப்ரரிக்கு ஒன்றும் ஆகவில்லை. இத்தகைய கார்டின் ஒவ்வொரு போர்ட்டுக்கும் 16 இலக்க அடையாள எண் உண்டு. எந்த எண் எதனோடு பேசலாம் என்று சர்வருக்கும் லைப்ரரிக்கும் இடையிலுள்ள எங்கள் ஸ்விட்ச்சின் ஜோன் எனும் அனுமதிப் பட்டியலிலும், எந்த எண்ணுக்கு எந்த டிரைவைக் காட்டலாம் என்று லைப்ரரியிலும் எழுதி வைத்திருக்கிறார்கள். இரண்டிலும் கழற்றி எறிந்த கார்டின் எண்தான் இருந்தது. பச்சை விளக்கு கேபிள் இணைப்பு சரியென்று சொல்லுமே தவிர, அனுமதி கிடைத்ததா என்று சொல்லாது. இது புரிந்தும் எங்களால் எதுவும் செய்ய இயலவில்லை. ஸ்விட்ச்சின் கடவுச்சொல் நிறுவனத்திடம் இருந்தது, மலைப்பாதையில் மரம் விழுந்ததால் அவர்களும் வரவில்லை. நான்கு இரவுகள் பேக்கப் இல்லை.

இறுதியில் தொலைபேசியிலேயே கடவுச்சொல்லைப் பெற்று, இரு இடங்களிலும் எண்ணை மாற்றி, சர்வரின் இயங்குதளமான லினக்ஸில் சாதனங்களை மறுபடி தேடச் செய்ததும் டிரைவ்கள் வந்தன. ரோபோ மட்டும் வரவில்லை. பேக்கப் மென்பொருள் ரோபோவை அணுகுவதற்கான ‘எஸ்ஜி’ டிரைவர் என்ற சிறு மென்பொருளை யாரோ ஒருகாலத்தில் கையால் ஏற்றியிருக்கிறார்கள். கார்டை மாற்ற சர்வரை அணைத்தபோது அது போய்விட்டது. ஒரே கட்டளையில் சரியானது. (சர்வர் தொடங்கும்போதே ஏறும்படி இப்போது எழுதி வைத்துவிட்டோம்.)

மலை மாவட்ட அலுவலகங்களுக்கான பராமரிப்பு ஒப்பந்தங்களில், பழைய எண், புதிய எண் இரண்டையும் பணி அறிக்கையில் குறிப்பதும், சர்வரில் டிரைவ்களும் ரோபோவும் தெரிந்து, டேப்பிலிருந்து ஒரு கோப்பையாவது மீட்டுக் காட்டிய பிறகே கையெழுத்துப் பெறுவதும் கட்டாயமாக்கப்பட வேண்டும். ஸ்விட்ச்சின் கடவுச்சொல் முத்திரையிட்ட உறையில் அந்தந்த அலுவலகத்திலேயே இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
கணினிப் பிரிவு ஊழியர்,
குன்னூர், நீலகிரி.