உலை எரியும் நேரத்தில் வந்து பாருங்கள்: திட்ட அனுமதிக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். எங்கள் குடியிருப்பை ஒட்டியுள்ள பித்தளை வார்ப்புப் பட்டறை புதிய புகைபோக்கி கட்டிக்கொள்ளவும், இன்னொரு உலை வைத்துக்கொள்ளவும் நீங்கள் அளித்த அனுமதியின் நகல் சென்ற வாரம் எங்கள் கைக்கு வந்தது. முன்கதை எதையும் உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. எங்கள் ஆட்சேபணை மனுக்கள், பட்டறை உரிமையாளரின் விளக்கம், கள ஆய்வு அறிக்கை எல்லாம் உங்கள் கோப்பில் இருக்கின்றன. அத்தனையும் கையில் இருந்தும் 9 மீட்டர் புகைபோக்கிக்கு நீங்கள் ஒப்புதல் தந்தது எப்படி என்பதுதான் எங்களுக்கு விளங்கவில்லை.

பட்டறைக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு சந்து மட்டுமே இருக்கிறது. இந்தப் பக்கத்துக் கட்டடங்களுக்குத் தரைத்தளமும் அதற்குமேல் மூன்று மாடிகளும் உண்டு. உயரம் சுமார் 12 மீட்டர். ஆக, நீங்கள் அனுமதித்த புகைபோக்கியின் வாய் எங்கள் மொட்டை மாடிக்கு 3 மீட்டர் கீழே, இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் இடையில் வந்து நிற்கும். ஒப்புதல் முத்திரை குத்தப்பட்ட வரைபடத்தைப் பார்த்தோம். அதில் பட்டறையின் கூரை இருக்கிறது, மதில் சுவர் இருக்கிறது, சந்தின் அகலம்கூட இருக்கிறது. எங்கள் வீடுகள் இல்லை. சந்துக்கு இப்புறம் வெற்றுத்தாளாக விடப்பட்டிருக்கிறது.

எங்கள் கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த அனுமதியை நிறுத்திவையுங்கள். உலை எரியும் மாலை நேரத்தில் இங்கே வந்து, எங்கள் மாடிச் சன்னலருகே நின்று பாருங்கள். அதன் பிறகு முடிவெடுங்கள்.

கள ஆய்வு ஒரு முற்பகலில் நடந்தது. அன்று உலை மூட்டப்படவில்லை. ஆய்வுக்கு வந்தவர்கள் பட்டறைக்குள் போனார்கள், கூரையைப் பார்த்தார்கள், குறித்துக்கொண்டு புறப்பட்டார்கள். எந்த மாடிப்படியிலும் ஏறவில்லை. "குறிப்பிடத்தக்க புகையோ நெடியோ காணப்படவில்லை" என்று அறிக்கை சொல்கிறது. அணைந்து கிடக்கும் உலையிலிருந்து புகை எப்படி வரும்? அறிக்கை எழுதியவர் பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. பார்க்க வேண்டியதைப் பார்க்கும் நேரத்தில் அவரை யாரும் அனுப்பவில்லை என்றே சொல்கிறேன்.

அவர் மாலையில் வந்திருந்தால் இரண்டாம் மாடியில் உள்ள ஒரு வீட்டுக்கு அழைத்துப் போயிருப்பேன். அங்கே எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் இருக்கிறான். அவனுக்கு ஆஸ்துமா. சந்துப் பக்கம் பார்த்த அறைதான் அவனுடையது. அந்த வீட்டில் நல்ல வெளிச்சமும் காற்றும் வரக்கூடிய ஒரே அறையும் அதுதான். இப்போது அந்தச் சன்னலின் இடுக்குகளை எல்லாம் பழுப்பு நிற ஒட்டுநாடாவால் அடைத்திருக்கிறார்கள். ஒட்டுநாடாவின் விளிம்பில் கரி ஒரு கோடாகப் படிந்திருக்கிறது. கீழே விளிம்பில் நனைத்த துணி ஒன்றை மடித்து வைத்திருக்கிறார் அவன் தாய். மறுநாள் காலையில் அந்தத் துணியைப் பிரித்தால் வெளிமடிப்பு சாம்பல் நிறமாக இருக்கும். அலசினாலும் பிசுக்கு முழுதாகப் போகாது. படிக்கும் மேசையைக் கூடத்து வாயிலுக்கு நகர்த்திவிட்டார்கள். வெயில் காலத்திலும் அந்தச் சன்னல் திறப்பதில்லை. பள்ளியிலிருந்து வந்ததும் பையன் அம்மாவிடம் முதலில் கேட்கும் கேள்வி, "இன்றைக்கு உலை உண்டா?" என்பது. உண்டு என்றால் இன்ஹேலரைத் தானே எடுத்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்கிறான். யாரும் அவனுக்கு அப்படிச் சொல்லிக்கொடுக்கவில்லை. விளையாட்டுச் சாமான் வைக்க வேண்டிய இடத்தில் மருந்தை வைத்துக்கொண்டு உறங்கப் பழகிவிட்டது அந்தக் குழந்தை.

இது 7 மீட்டர் பழைய குழாய் ஒன்றும், உலை ஒன்றும் இருக்கும்போதைய நிலை. இனி உலை இரண்டு. குழாய் 2 மீட்டர் உயர்வதை உங்கள் தீர்மானம் "மேம்பாடு" என்று குறிப்பிடுகிறது. அந்த 2 மீட்டர், புகையை இந்தச் சிறுவனின் சன்னலுக்குச் சற்று மேலே கொண்டுபோய் மூன்றாம் மாடிக்காரர்களிடம் விடும். அவனுக்கும் அதனால் விடிவு இல்லை. ஏன் என்பதைச் சொல்கிறேன்.

காற்று ஒரு கட்டடத்தின்மீது மோதி அதைச் சுற்றிப் போகும்போது, கட்டடத்தின் மறுபக்கத்தில் அழுத்தம் குறைந்து சுழல் உண்டாகிறது. கட்டடங்களைவிடத் தாழ்ந்த புகைபோக்கியின் புகை அந்தச் சுழலில் சிக்கிக் கீழே இழுக்கப்படுகிறது. மேலே போய்க் கலைய வேண்டிய புகை சந்துக்குள் இறங்கிச் சுற்றுகிறது. இதைத் தவிர்க்க அருகிலுள்ள கட்டடத்தின் உயரத்தைப்போல் இரண்டரை மடங்காவது புகைபோக்கி இருக்க வேண்டும் என்பது பொறியாளர்கள் நெடுங்காலமாகக் கையாளும் கணக்கு. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் விதியும் இதை ஒட்டியதே: கட்டடத்தின் உயரத்தோடு, அதன் உயரம், அகலம் இரண்டில் எது சிறியதோ அதன் ஒன்றரை மடங்கைக் கூட்ட வேண்டும். எங்கள் 12 மீட்டர் கட்டடங்களுக்கு அந்தக் கணக்கைப் போட்டால் 30 மீட்டர் வரும். 30 மீட்டர் கட்டியே தீர வேண்டும் என்று நான் வாதிடவில்லை. உலையின் அளவு, வெளியேறும் காற்றின் வேகம், வெப்பம் ஆகியவற்றைக் கணக்கில் எடுத்தால் விடை மாறலாம். ஆனால் 30 எங்கே, 9 எங்கே? இடையில் உள்ள இந்த வேறுபாட்டைப் பற்றி உங்கள் தீர்மானத்தில் ஒரு வரிகூட இல்லை. எங்கள் கட்டடங்களையே வரையாத வரைபடத்தில் அந்தக் கணக்கை எப்படிப் போட்டிருக்க முடியும்?

போதாக்குறைக்கு, புகைபோக்கியின் உச்சியில் மழை புகாமலிருக்கக் கூம்பு மூடி ஒன்று வரையப்பட்டிருக்கிறது. மேல்நோக்கி விசையோடு வெளியேற வேண்டிய புகையை அந்த மூடி தடுத்துப் பக்கவாட்டிலும் கீழேயும் திருப்பிவிடும். மழைநீரை வடிக்க வேறு வழிகள் உண்டு. வெளிக்குழாய் ஒன்றைச் சுற்றிப் பொருத்தி, வாயைத் திறந்தே வைத்து நீரை ஓரமாக இறக்கிவிடும் அமைப்பு புதிதொன்றும் இல்லை. வரைபடத்தைப் பார்த்த எவராவது கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது.

எந்தப் புகையைப் பற்றிப் பேசுகிறோம் என்பதும் முக்கியம். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது. அது உருகுவதற்கு 900 பாகை செல்சியஸுக்கு மேல் வெப்பம் வேண்டும். துத்தநாகமோ 907 பாகையிலேயே கொதித்துவிடும். அதனால்தான் பித்தளையை உருக்கும்போது வெண்புகை எழுகிறது. அதை மூச்சில் இழுத்தவர்களுக்கு அன்றிரவு குளிரும் காய்ச்சலும் காண்பது வார்ப்புத் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாக அறிந்த விஷயம். மருத்துவத்தில் அதற்கு உலோகப்புகைக் காய்ச்சல் என்றே பெயர். இதைவிடக் கவலை தருவது காரீயம். கடைசலுக்கு எளிதாக இருக்கப் பல பித்தளை வகைகளில் காரீயம் சேர்க்கிறார்கள்; சிலவற்றில் அது 3 விழுக்காடு அளவுக்கு இருக்கும். இந்தப் பட்டறையில் உருக்குவது பழைய குழாய்கள், வால்வுகள், கழிவுத் துண்டுகள். எதில் எவ்வளவு காரீயம் இருக்கிறது என்று பிரித்துப் பார்த்தா உலையில் போடுகிறார்கள்? காரீயத்துக்குத் தீங்கற்ற அளவு என்று ஒன்று கண்டறியப்படவில்லை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். உட்கொண்ட காரீயத்தில் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு அதிகமாகக் குழந்தைகளின் உடல் உறிஞ்சிக்கொள்ளும் என்றும் அது சொல்கிறது. சன்னல் விளிம்பில் படியும் அந்தக் கரியைத் தொட்ட விரல் வாய்க்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்?

நுண்துகள்களுக்கு அதே நிறுவனம் 2021இல் வரம்பை மேலும் இறுக்கியது. 2.5 மைக்ரோமீட்டருக்குக் குறைந்த துகள்கள் ஒரு கனமீட்டர் காற்றில் ஆண்டுச் சராசரியாக 5 மைக்ரோகிராமையும், ஒரு நாள் சராசரியாக 15 மைக்ரோகிராமையும் தாண்டக் கூடாது. எங்கள் சந்தில் அது எவ்வளவு? அளக்கும் கருவியை இதுவரை யாரும் இங்கே கொண்டுவரவில்லை. அளக்காமலேயே "பாதிப்பு இல்லை" என்று எழுத முடிந்திருக்கிறது.

மாலையில் வாருங்கள் என்று நான் வற்புறுத்துவதற்கு இன்னொரு காரணம் உண்டு. பொழுது சாய்ந்ததும் தரை குளிர்ந்து, அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்துவிடும். மேலே வெதுவெதுப்பான காற்று மூடிபோல் நின்றுகொள்ளும். அந்த நேரத்தில் தாழ்ந்த புகைபோக்கியிலிருந்து வெளிவருவது எதுவும் மேலே ஏறாது. 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டனில் நடந்தது இதுதான். அப்போது ஏறத்தாழ 4,000 பேர் இறந்ததாக முதலில் கணக்கிட்டார்கள், பிந்தைய ஆய்வுகள் அதை 12,000 வரை உயர்த்தின. தூய காற்றுச் சட்டம் அங்கே 1956இல்தான் வந்தது. ஒரு பட்டறைக் குழாயை ஒரு மாநகரத்தின் புகையோடு ஒப்பிட நான் வரவில்லை. காற்று நடந்துகொள்ளும் விதம் எங்கும் ஒன்றுதான் என்பதையே நினைவூட்டுகிறேன்.

பட்டறையை மூடச் சொல்லி நாங்கள் ஒருபோதும் கேட்டதில்லை. அங்கே உழைப்பவர்களில் பலர் எங்கள் தெருக்காரர்கள். நாங்கள் சன்னலை அடைத்துக்கொள்கிறோம். அவர்கள் உலையின் முகத்திலேயே நிற்கிறார்கள். வெறும் உயரத்தை மட்டும் கூட்டினால் புகை வேறு யார் வீட்டுக்காவது போகும், உலைத் தொழிலாளர்களின் நெஞ்சுக்கும் அதனால் பயனில்லை. உலைக்கு மேலேயே புகையை உறிஞ்சும் கூண்டும், துணிப்பை வடிகட்டியும், அதற்குப் பிறகு போதிய உயரமுள்ள புகைபோக்கியும் வேண்டும். செலவு பிடிக்கும்தான். அந்தச் செலவை இப்போது அந்தச் சிறுவனும் உலைத் தொழிலாளியும் தங்கள் மூச்சால் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

மனத்தில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அறிவிப்பை மக்கள் நடமாடாத பின்மதிலில் ஒட்டுவது, ஆட்சேபணைக் கெடு முடிந்த பிறகு வரைபடத்தைக் காட்டுவது, பக்கம் பக்கமாக எழுதிக் கொடுத்ததற்கு ஒற்றை வரியில் பதில் அனுப்புவது, கட்டி முடித்தவனுக்குப் பிறகு அபராதம் வாங்கிக்கொண்டு வரன்முறை செய்து கொடுப்பது. எந்த விண்ணப்பத்திலும் இதுவே நடக்கிறது. அனுமதி கேட்பவர் உங்கள் முன்னால் வந்து உட்கார்ந்து பேசுகிறார். பாதிக்கப்படப் போகிறவர் தாளாக மட்டுமே உங்கள் முன் வருகிறார். சட்டப்படி நடப்பவனுக்கு அலைச்சலும் மீறுகிறவனுக்கு அவகாசமும் என்றால், விதிகளை எழுதி வைத்து என்ன பயன்? கோபத்தோடுதான் இதைக் கேட்கிறேன். ஆனாலும் உங்கள்மீது நம்பிக்கை முழுதாகப் போயிருந்தால் இந்த மடலை உங்களுக்கு எழுதியிருக்க மாட்டேன். ஆகவே பணிவோடு கோரிக்கைக்குத் திரும்புகிறேன்.

புகைபோக்கிப் பணி தொடங்குவதற்கு முன் அனுமதியை நிறுத்திவையுங்கள். எங்கள் கட்டடங்களையும் சன்னல்களின் மட்டத்தையும் சேர்த்து வரைந்த புதிய வரைபடத்தை விண்ணப்பதாரரிடம் கேட்டு வாங்குங்கள். உயரத்தை எந்தக் கணக்கில் முடிவு செய்தார்கள் என்பதை எழுத்தில் வெளியிடுங்கள். வடிகட்டி இல்லாமல் இரண்டாவது உலைக்கு அனுமதி தராதீர்கள். தூசியிலும் கரியிலும் உள்ள காரீயத்தைத் தகுதியுள்ள ஆய்வகத்தில் சோதிக்கச் செய்து, முடிவைப் பட்டறைத் தொழிலாளர்களுக்கும் எங்களுக்கும் தெரிவியுங்கள்.

எல்லாவற்றுக்கும் முதலில், உலை எரியும் மாலை ஒன்றில் வாருங்கள். முன்கூட்டியே பட்டறைக்குத் தகவல் சொல்லாமல் வாருங்கள். அந்தச் சிறுவனின் தாய் உங்களுக்காகச் சன்னலின் ஒட்டுநாடாவைப் பிரித்துக் காட்டச் சம்மதித்திருக்கிறார்; பையனை அந்த நேரத்துக்கு உறவினர் வீட்டில் விட்டுவிடுவதாகவும் சொல்லியிருக்கிறார். எந்த நாள் என்பதை மட்டும் எங்களுக்குத் தெரியப்படுத்துங்கள்.

தங்கள் பதிலை எதிர்பார்த்து,
சந்தின் இப்புறத்துக் குடியிருப்போர் சார்பில்,
மூன்றாம் மாடியில் வசிக்கும் ஒருவர்